பந்தி சொன்னதும் நான் சொன்னதும்

கிரகித்தல் என்றால் எங்களுக்கு இளைப்பாறும் இடம். சாதாரண தரத் தமிழ் வினாத்தாளில் இலக்கணத்துக்குப் பயப்படுவோம், கட்டுரைத் தலைப்பைத் தெரிவு செய்வதில் தடுமாறுவோம். கிரகித்தலைக் கண்டால் மட்டும் மனசு குளிரும். விடை அந்தப் பந்திக்குள்ளேயே இருக்கிறது. கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அது இருக்கும் வசனத்தை அப்படியே எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் எழுதினேன். புள்ளியும் வாங்கினேன்.

ஆகவே, கனடாவில் இருக்கும் எனது மாமாவின் மகள் ஒரு கிரகித்தல் பயிற்சியை அனுப்பி, "செய்து பார்" என்றபோது, அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃரிபுக்கு முன் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு பந்திகள் கொண்ட ஓர் ஆங்கிலக் கட்டுரை. ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். விளங்காத சொற்களுக்கு அகராதியும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மஃரிபுக்கு முன் முடித்தது உண்மைதான். ஏழில் இரண்டுதான் சரி.

ஆங்கிலம் போதாதென்று முதலில் நினைத்தேன். ராத்தா (அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அதை நம்பவில்லை. "உனக்கு ஆங்கிலம் பிழைக்கவில்லை, வாசிப்புத்தான் பிழைத்திருக்கிறது. நிரூபிக்கிறேன் பார்" என்று, அதே பாணியில் தமிழில் ஒரு பந்தியும் கேள்விகளும் தானே எழுதி அனுப்பினார். சாதாரண தரம் வரை எங்கள் ஊரில் படித்துவிட்டு, பின்னர் அங்கு சென்று வரலாற்றில் பட்டம் பெற்றவர் அவர். தமிழை மறக்கவில்லை. அந்தத் தமிழ்ப் பந்தியிலும் நான் தடுக்கி விழுந்தேன். எங்கே விழுந்தேன், ஏன் விழுந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் அந்தப் பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம். எல்செட் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் பரீட்சை. 1948ஆம் ஆண்டு முதன்முதலில் நடத்தப்பட்டது. 120 தொடக்கம் 180 வரை புள்ளி வழங்குவார்கள். அது நான்கு பகுதிகளாக நடக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடங்கள். நான்கில் ஒன்றின் புள்ளி கணக்கில் சேராது, ஆனால் அது எதுவென்று எழுதுபவருக்குத் தெரியாது. 2024 ஓகஸ்ட் முதல், கணக்கில் சேரும் மூன்றில் இரண்டு, தர்க்கத்தைச் சோதிக்கும் சிறு சிறு வினாக்கள். மற்றது கிரகித்தல். அதில் நான்கு தொகுதிகள் வரும். சட்டம், விஞ்ஞானம், கலை இலக்கியம், சமூக விஞ்ஞானம் என்று பல துறைகளிலிருந்தும் எடுப்பார்கள். ஒரு தொகுதியில் மட்டும் ஒரு கட்டுரைக்குப் பதிலாக, ஒரே விடயம் பற்றிய இரண்டு சிறு கட்டுரைகள் இருக்கும்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது, சட்டப் படிப்புக்கான இப்பரீட்சையில் சட்ட அறிவைக் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை என்பதுதான். சட்டம் பற்றிய பந்தி வந்தாலும், விடைக்குத் தேவையானதெல்லாம் அந்தப் பந்திக்குள்ளேயே இருக்கும். வெளியே இருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால்தான் ஆபத்து.

நான் கனடா போகப் போவதில்லை. எனது எண்ணமெல்லாம் 1874இல் தொடங்கப்பட்ட, புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரிதான். அதற்கும் நுழைவுப் பரீட்சை உண்டு. மொழிக்கு ஒரு வினாத்தாள், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் ஒரு வினாத்தாள். பொது அறிவை மனனம் செய்யலாம். மொழியை எப்படித் தயார் செய்வது என்று கேட்டதற்குத்தான் ராத்தா இந்த வேலையைத் தந்தார்.

அவர் எழுதிய பந்தி இது. அவருடைய அனுமதியுடன் தருகிறேன். வாசிக்கும் சகோதரிகள் தயவுசெய்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

*

இலங்கை முஸ்லிம்களின் தனியார் சட்டம், பிரித்தானியர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு ஒரு கோவையாக வெளியிடப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் வழங்கிய ஒரு தொகுப்பைத் தழுவிய அக்கோவைக்குக் கொழும்பு முஸ்லிம் தலைவர்களின் சம்மதம் பெறப்பட்டிருந்தது. 1852இல் அது தீவு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

வழக்காற்றை எழுத்தில் வடிப்பதைச் சிலர் பாதுகாப்பு என்கின்றனர். எழுதப்படாத வழக்காறு அதை எடுத்துச் சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். அந்நிய நீதிபதி ஒருவரின் முன்னால் அதை நிரூபிப்பதும் கடினம். எழுதியதும் அது எல்லாருக்கும் ஒன்றாகிவிடுகிறது என்பது இவர்களது வாதம். எழுத்து வழக்காற்றை உறைய வைத்துவிடுகிறது என்போரும் உளர். வாழும் வழக்காறு காலத்தோடு சிறிது சிறிதாக நெகிழும். ஏட்டில் ஏறியதும் அந்த நெகிழ்ச்சி நின்றுவிடுகிறது என்பர்.

இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். எழுதும்போது யாரிடம் கேட்கப்பட்டது என்பதே அது. கொழும்புத் தலைவர்களின் சம்மதத்தைப் பெற்ற கோவை, 46 ஆண்டுகளின் பின் ஏனைய பிரதேச முஸ்லிம்களுக்கும் சட்டமாயிற்று. ஒரு நகரத்தின் பிரமுகர்கள் தங்களது வழக்காறு என ஏற்றுக்கொண்டது ஏனைய ஊர்களின் வழக்காறாகவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆகவே, கோவை வழக்காற்றைப் பாதுகாத்ததா, உறைய வைத்ததா என்று கேட்பதற்கு முன்னர், அது எவருடைய வழக்காற்றை எழுதியது என்று கேட்பதே முறையாகும்.

*

முதலாவது கேள்வி, இப்பந்தியின் மையக் கருத்து எது என்பது. இப்பரீட்சையில் ஏறக்குறைய ஒவ்வொரு தொகுதியிலும் இந்தக் கேள்வி இருக்குமாம். விடைகள் இவை:

(1) 1806ஆம் ஆண்டின் கோவை 1852இல் தீவு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.
(2) வழக்காற்றை எழுதிவைப்பது அதை உறைய வைப்பதால் தீங்கானது.
(3) கோவையின் விளைவை மதிப்பிடுமுன், அது எவருடைய வழக்காற்றைப் பதிந்தது என்று கேட்க வேண்டும்.
(4) கொழும்புத் தலைவர்களுக்கு ஏனைய பிரதேச முஸ்லிம்களுக்காகப் பேச உரிமை இருக்கவில்லை.
(5) கோவையாக்கம் பற்றிய இரு வாதங்களும் பிழையானவை.

மூன்றாவதுதான் விடை என்று பலரும் கண்டுபிடித்திருப்பீர்கள். இதை நானும் சரியாகச் செய்தேன். ஆனால் மற்ற நான்கும் ஏன் பிழை என்று ராத்தா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அது சரியாகப் பட்டது" என்றேன். அது போதாது என்றார். அவர் சொல்லித் தந்த முறை, சரியான விடையைத் தேடுவதல்ல. பிழையான நான்கையும் காரணம் சொல்லித் துரத்துவது. மிஞ்சுவதே விடை.

அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு பிழையும் ஒவ்வொரு விதம். (1) முழு உண்மை, பந்தியிலேயே இருக்கிறது. ஆனால் அது ஒரு தகவல், பந்தி அதற்காக எழுதப்படவில்லை. சாதாரண தரக் கிரகித்தலில் பழகிய கண் "பந்தியில் இருக்கிறது, ஆகவே சரி" என்று இதில் போய் விழும். (2) பந்தியில் இருக்கும் கருத்துத்தான், ஆனால் எழுதியவருடையது அல்ல. (4) எழுதியவர் பக்கமே நிற்பது போல இருக்கும், ஆனால் அவரை விட உரத்துப் பேசுகிறது. உரிமை இருந்ததா இல்லையா என்று அவர் வாயே திறக்கவில்லை. (5)தான் எனக்குப் பிடித்த ஏமாற்று. இரு சாராரும் ஒன்றைக் "கவனிக்கத் தவறுகின்றனர்" என்பது வேறு, இரு சாராரும் "பிழை" என்பது வேறு. என்னிடம் குடை கொண்டுவர மறந்துவிட்டாய் என்று சொல்பவர், நான் வந்ததே பிழை என்று சொல்லவில்லை அல்லவா?

இரண்டாவது கேள்வியில்தான் முதல் அடி விழுந்தது. "அந்நிய நீதிபதி" என்ற குறிப்பு எதற்காக வருகிறது என்று கேள்வி. பிரித்தானிய நீதிமன்றங்கள் முஸ்லிம்களுக்கு அநீதி இழைத்தன என்று காட்டுவதற்காக, என்ற விடையைத் தெரிவு செய்தேன். அந்நியர் என்றவுடன் எனது பேனை தானாக அங்கே போய்விட்டது. பந்தியைத் திரும்பப் பாருங்கள். நீதிபதி அநீதி செய்தார் என்று அங்கே எதுவும் இல்லை. எழுதப்படாத ஒன்றை, அதை அறியாத ஒருவருக்கு நிரூபிப்பது கடினம் என்று மட்டுமே இருக்கிறது. அதையும் சொல்வது எழுதியவர் அல்லர். எழுதுவது பாதுகாப்பு என்று வாதிடும் முதல் சாரார், தங்கள் வாதத்துக்குச் சொல்லும் காரணம் அது. சரியான விடையும் அதுதான்.

இங்கே தமிழில் வாசிக்கும் எங்களுக்கு ஒரு விசேட சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் "சிலர் வாதிடுகிறார்கள்" என்ற சொற்கள் பெரும்பாலும் வசனத்தின் தொடக்கத்தில் வந்துவிடும். இனி வருவது அடுத்தவரின் பேச்சு என்று தெரிந்துகொண்டே வாசிக்கலாம். தமிழில் "என்பர்", "என்கின்றனர்", "என்பது இவர்களது வாதம்" எல்லாம் கடைசியில்தான் வந்து சேரும். அதுவரை முழு வசனத்தையும் எழுதியவரின் பேச்சாகவே வாசித்து, நம்பியும் விடுகிறோம். கடைசிச் சொல் வந்து அதைத் திருப்பும்போது, பாதிப்பேர் அடுத்த வசனத்துக்குத் தாவியிருப்போம். அதிலும் மோசம், பல வசனங்களுக்கு ஒரேயொரு "என்பர்". இந்தப் பந்தியில் "வாழும் வழக்காறு காலத்தோடு சிறிது சிறிதாக நெகிழும்" என்ற வசனம் எவருடையது? அதில் "என்பர்" இல்லை. தனியே எடுத்தால் எழுதியவரே சொல்வது போலிருக்கும். முன்னாலுள்ள "என்போரும் உளர்", பின்னாலுள்ள "என்பர்" இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் அது இரண்டாம் சாராரின் சொத்து என்று தெரிகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு இஸ்லாம் பாட வகுப்பு ஞாபகம் வந்தது. ஒரு ஹதீஸில் இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசை ஸனத். சொல்லப்பட்ட விடயம் மத்ன். ஸனத் முதலில் வருவதால், எவர் வாயிலாக வருகிறது என்று தெரிந்த பிறகே நாம் விடயத்துக்குள் போகிறோம். அதற்கும் மேலாக, முத்ரஜ் என்றொரு வகையை இமாம்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அறிவிப்பாளர் ஒருவர் விளக்கத்துக்காகச் சொன்ன தனது சொந்தச் சொல், நபி (ஸல்) அவர்களின் சொல்லோடு கலந்துவிட்ட ஹதீஸ் அது. ஏனைய அறிவிப்புகளோடு ஒப்பிட்டு, இந்தச் சொல் இவருடையது, அது நபியவர்களுடையது என்று பிரித்தெடுத்தார்கள். இதற்காகவே தங்கள் வாழ்நாளைக் கொடுத்த ஒரு பரம்பரையின் பிள்ளைகள் நாங்கள். ஒரு பந்தியில் யார் பேசுகிறார் என்று பார்க்காமல் வாசிக்கிறோம்.

அதன் பின் நான் ஓரத்தில் குறியிட்டு வாசிக்கத் தொடங்கினேன். எழுதியவர் தானே பேசும் இடத்துக்கு "எ". முதல் சாராருக்கு 1, இரண்டாம் சாராருக்கு 2. வெறும் தகவலுக்குக் குறி இல்லை. இந்தப் பந்தியில் குறியிட்டுப் பாருங்கள். முதற் பந்தியில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஓர் "எ" கூட வராது, மூன்றாவது முழுவதும் "எ". இவ்வளவு தெரிந்தால், எழுதியவரின் கருத்தைக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் மூன்றாம் பந்திக்கு வெளியே தேடத் தேவையில்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கென்றே பின்னிய வலை. பந்தியிலிருந்து பின்வருவனவற்றுள் எதனை முடிவாகப் பெறலாம்?

(1) 1852இன் விரிவாக்கம் ஏனைய பிரதேச முஸ்லிம்களின் வழக்காறுகளை அழித்தது.
(2) எல்லாப் பிரதேசத் தலைவர்களிடமும் கேட்டிருந்தால் வழக்காறு உறைந்திருக்காது.
(3) ஓர் ஊரார் சம்மதித்தனர் என்பதை மட்டும் கொண்டு, கோவை ஏனைய ஊர்களின் வழக்காற்றோடு பொருந்தியது என்று கூற முடியாது.
(4) எழுதப்படாத வழக்காறு எழுதப்பட்ட சட்டத்தை விட நீதியானது.
(5) கொழும்பு முஸ்லிம்களின் வழக்காறு ஏனைய பிரதேச முஸ்லிம்களின் வழக்காற்றிலிருந்து வேறுபட்டது.

நாங்கள் கிழக்கைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊரில் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. நான் உம்மாவின் குடி. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் எங்களிடம் சாதாரணம். இதெல்லாம் கொழும்பில் இப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வழக்காற்றைக் கொழும்பில் இருந்தவர்களா தீர்மானித்தார்கள் என்று பந்தியை வாசிக்கும்போதே கோபம் வந்துவிட்டது. போதாததற்கு, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் நாங்கள் செய்த சூடான விவாதங்களும் ஞாபகத்துக்கு வந்தன. யோசிக்காமல் (1) என்று போட்டேன்.

ராத்தா ஒரு சிரிப்புக் குறியை அனுப்பினார். பிறகு குரல் பதிவு வந்தது. "நீ சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நான் அதைக் கேட்கவில்லையே. பந்தியில் எந்த வசனம் 'அழித்தது' என்று சொல்கிறது? விரலை வை."

விரல் வைக்க இடமில்லை. "இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறது. சரி, அப்படியானால் (5) என்றேன், வேறுபட்டது என்று மட்டும்தானே சொல்கிறது என்று. அதற்கும் அதே கேள்வி. எங்கே இருக்கிறது? குடி முறை எனது தலைக்குள் இருந்தது. பந்திக்குள் இல்லை. மிஞ்சியது (3). வாசித்தால் சப்பென்று இருக்கும் ஒரு விடை. எவரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் "இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்பதிலிருந்து நிச்சயமாகக் கிடைப்பது அவ்வளவுதான்.

இவ்வகைக் கேள்விகளில் பலமான சொற்களை எடைபோட வேண்டும் என்பது அதன் பின் விளங்கியது. எல்லா, ஒருபோதும், மட்டுமே, கட்டாயம், அழித்தது, நிரூபித்தது போன்ற சொல் விடையில் இருந்தால், அதே பலமுள்ள சொல் பந்தியிலும் இருக்க வேண்டும். பந்தி "லாம்" என்றால் விடையும் "லாம்" என்று இருக்க வேண்டும். அடக்கமான விடை எப்போதும் சரி என்பதல்ல. பந்தியே உரத்துப் பேசினால் உரத்த விடைதான் சரி. எடை சமமாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வாப்பாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது மகள், நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்றார்.

வாப்பா ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒரு கடையறை எடுத்துப் புடவைக் கடை நடத்தினார். கடையைத் திருத்த, கண்ணாடி அலுமாரி போட, விளக்குப் போட நிறையச் செலவழித்தார். ஐந்து வருடம் முடிந்ததும் உரிமையாளர் அறையைத் திருப்பிக் கேட்டார். "புதுப்பித்துத் தருவதாக எழுதித்தானே தந்தீர்கள்" என்றார் வாப்பா. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். தமிழில்தான் இருந்தது. வாடகைதாரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமாறு கோரினால் அக்கோரிக்கை உரிமையாளரால் பரிசீலிக்கப்படும், என்று இருந்தது. பரிசீலிக்கப்படும். உரிமையாளர் கோரிக்கையைப் பரிசீலித்தார், பின்னர் மறுத்தார். எழுத்தின்படி அவர் ஒன்றையும் மீறவில்லை.

"நான் வாசிச்சுத்தானே கையெழுத்து வெச்சன்" என்று வாப்பா அன்று பல தடவை சொன்னார். அது பொய்யல்ல. வாசித்தார். ஆனால் தான் எதிர்பார்த்ததை அந்த வசனத்துக்குள் வைத்து வாசித்தார். கேள்வி மூன்றில் நான் குடி முறையை வைத்து வாசித்தது போலத்தான். எனக்குப் போனது ஒரு புள்ளி. வாப்பாவுக்குப் போனது கடை. நான் சட்டம் படிக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியதும் அந்தக் கிழமைதான்.

நான்காவது கேள்வி வேறு மாதிரி. பின்வருவனவற்றுள் எது உண்மையானால், எழுத்து வழக்காற்றை உறைய வைக்கிறது என்போரின் வாதம் பலவீனமடையும் என்று கேட்டது. இதில் மட்டும் பந்தியில் இல்லாத புதிய செய்தியை விடையே கொண்டுவரும். "உண்மையானால்" என்று சொல்லிவிட்டதால், அது உண்மையா என்று நாங்கள் ஆராயக் கூடாது, ஏற்றுக்கொண்டு போக வேண்டும். கோவையின் விதிகளுக்கு நீதிமன்றங்கள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விளக்கம் கொடுத்தன என்பது சரியான விடை. ஏட்டில் ஏறிய பின்பும் நெகிழ்ந்தது என்றால், நெகிழ்ச்சி நின்றுவிட்டது என்ற வாதம் ஆட்டம் காண்கிறது. நான் இதில் தப்பினேன். கொழும்புத் தலைவர்கள் நல்ல நோக்கத்துடன் சம்மதித்தனர் என்ற விடையும் அங்கே இருந்தது. அது எழுதியவரின் கேள்வியோடுதான் கொஞ்சம் தொடர்புபடும், இரண்டாம் சாராரைத் தொடவே இல்லை. எந்த வாதத்தைத் தாக்கச் சொல்கிறார்கள் என்று கேள்வியில் கோடிடாவிட்டால் இங்கேதான் வழுக்கும்.

சட்டக் கல்லூரிகள் ஏன் இப்படிச் சோதிக்கின்றன என்று ராத்தாவிடம் கேட்டேன். ஒரு தீர்ப்பை எடுத்துப் பார் என்றார். நீதிபதி முதலில் வழக்காளி சொன்னதை விவரிப்பார். பிறகு எதிராளியின் வாதத்தை, சில வேளை எதிராளி தானே சொன்னதை விட அழகாக எடுத்துச் சொல்வார். முன்னைய தீர்ப்புகளைச் சொல்வார். பல பக்கங்களின் பின்தான் தனது முடிவுக்கு வருவார். நடுப்பக்கத்தில் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு "நீதிமன்றமே சொல்லியிருக்கிறது" என்று எழும்பும் சட்டத்தரணி, தோற்ற பக்கத்தின் வாதத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். கட்சிக்காரர் அவரை நம்பி வந்தவர்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 35 நிமிடத்தில் நான்கு தொகுதிகள் என்றால், ஒன்றுக்கு 8 நிமிடம் 45 வினாடி. அதற்குள் கட்டுரையையும் வாசித்து, ஆறேழு கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. வேகமாக வாசித்துப் பார்த்தேன், விடைகள் இன்னும் பிழைத்தன. கேள்விகளை முதலில் வாசித்துவிட்டுப் பந்திக்குப் போனால் நேரம் மிச்சம் என்று எங்களில் பலர் செய்வோம். எனக்கு அது ஒத்துவரவில்லை. கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் கண் மீண்டும் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது, சொல்லைத் தேடுகிறது, யார் பேசுகிறார் என்பதை விட்டுவிடுகிறது. பந்தியை ஒருமுறை ஆறுதலாக, குறியிட்டு வாசித்தால், கேள்விகளில் திரும்பத் திரும்ப ஓடிவரும் நேரம் குறைகிறது. இப்போது பன்னிரண்டு நிமிடத்தில் நிற்கிறேன். தெரியாத கேள்வியை வெறுமையாக விடவும் கூடாது, எல்செட்டில் பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை.

பயிற்சிக்கு ஆங்கிலப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. நான் இப்போது பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை எடுத்துக் குறியிடுகிறேன். அமைச்சர் சொன்னது எது, எதிர்க்கட்சி சொன்னது எது, ஆசிரியர் தான் சொல்வது எது என்று. சில தலையங்கங்களில் "எ" தேடினாலும் கிடைக்காது. சிலவற்றில் முதல் வரியிலிருந்தே "எ"தான். இரண்டு பத்திரிகைகள் ஒரே விடயத்தை எழுதியிருந்தால் இன்னும் நல்லது, அந்த இரட்டைக் கட்டுரைத் தொகுதிக்கு அதை விட நல்ல பயிற்சி இல்லை. இருவரும் எதில் உடன்படுகிறார்கள் என்று தேடுவது, எதில் முரண்படுகிறார்கள் என்று தேடுவதை விடக் கஷ்டம்.

சென்ற போயா விடுமுறையன்று ராத்தாவின் பந்தியை வாப்பாவிடம் கொடுத்தேன். நேரம் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனது பென்சிலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். முதலாவது சரி. இரண்டாவதும் சரி, அதில் நான் விழுந்திருந்தேன் என்று சொன்னதில் அவருக்குச் சந்தோசம். மூன்றாவதில் நீண்ட நேரம் இருந்தார். (5)இல் புள்ளடி போட்டு, அதை அழித்து, (3)இல் போட்டார்.

"ஏன் வாப்பா மாத்தினீங்க?"

"'இருந்திருக்கலாம்' எண்டுதானே எழுதியிருக்கு" என்று அந்தச் சொல்லின் மேல் பென்சிலை வைத்துக் காட்டினார்.